பச்சைப் பொட்டுக்காரி

சென்ற தை மாதம் தாராபுரத்தில் மாமா மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்து கூட்டம் பந்திக்கு நகரத் தொடங்கிய நேரத்தில் மாமா மைக்கை வாங்கினார். பெரியம்மாவை மேடைக்கு அழைத்து ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தினார். "எங்களுக்காகத் தன் வாழ்க்கையையே தியாகம் செஞ்ச எங்க அக்கா" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. மண்டப வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸிலும் ஒரு மூலையில் பெரியம்மாவின் படம் போட்டு 'தியாகச் சுடர்' என்று அச்சடித்திருந்தார்கள். எல்லோரும் கைதட்டினோம். பெரியம்மாவோ சால்வையின் ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், தையல் சரியாக இருக்கிறதா என்று. கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னது இவ்வளவுதான்: "புழுக்கமா இருக்குது கண்ணு, இதைப் பிடி."

தியாகம் என்ற அந்தச் சொல் எனக்கு நெடுநாள் உறுத்தல். எங்கள் வீட்டில் பெரியம்மாவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டாவது வாக்கியத்தில் அது வந்துவிடும். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இறந்தபோது பெரியம்மாவுக்கு 19 வயது, கடைசி மாமாவுக்கு 4. அம்மாவின் அப்பாவான அப்புச்சிக்கு நூல்மில்லில் ஷிப்ட் வேலை. தையல் மிஷினை மிதித்தே பெரியம்மா நான்கு பேரைக் கரையேற்றினார். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் 'தியாகம்' வந்து உட்கார்ந்ததும் கதையில் பெரியம்மாவைக் காணோம், ஒரு சிலைதான் நிற்கிறது. சிலையிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வாங்கிக்கொண்டவர்களுக்கு எவ்வளவு வசதியான சொல் என்று தோன்றும். உடனே மாமாவின் உடைந்த குரல் ஞாபகத்துக்கு வந்து, இப்படியெல்லாம் நினைக்கிறோமே என்று வெட்கமாகவும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பல வருடம் ஊசலாடிக்கொண்டிருந்தேன். தெளிந்துவிட்டேன் என்று இப்போதும் சொல்லமாட்டேன். நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி மட்டும் மாறியது. மாற்றியது ஒரு குளவிக்கூடு.

ஜன்னலுக்கு வெளியே

பெங்களூர் மல்லேசுவரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். மாசியில் கண்புரை அறுவைக்காகப் பெரியம்மாவை அழைத்து வந்தேன். ஒரு கண் முடிந்து ஒரு மாதம் கழித்து மறு கண் என்றதால் இரண்டரை மாதம் தங்கும்படி ஆயிற்று. குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பருகே போகக் கூடாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து சும்மா உட்கார்ந்தே அறியாத மனுஷி. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேல் சட்டத்தின் மூலையில் அந்தக் கூடு தொங்கிக்கொண்டிருந்தது.

மண்கூடு இல்லை, காகிதக் கூடு. உள்ளங்கை அகலம், கீழ்நோக்கிக் கவிழ்ந்த ஆறுமூலை அறைகள், மேலே தாங்கிப் பிடிக்க ஒரு காம்பு. காய்ந்த செடி நாரைச் சுரண்டி, மென்று, எச்சில் கலந்து இழைத்தது. மூடி, உறை எதுவும் கிடையாது; உள்ளே நடப்பது எல்லாம் வெளியே தெரியும். முட்டை இருக்கும் அறை, புழு நெளியும் அறை, வெள்ளை மூடி போட்டுக் கூட்டுப்புழு உறங்கும் அறை. செம்பழுப்பு உடம்புக்காரிகள் முப்பது பேர் இருக்கலாம். துணிப்பந்தம் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடலாம் என்று ஓனரம்மா இரண்டு முறை சொல்லிவிட்டார். நான் இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கருணை ஒன்றும் இல்லை, கொட்டுமே என்ற பயம்தான். இதற்கிடையில் ஜன்னல் கம்பிக்குப் பச்சை எனாமல் அடிக்க ஒரு பையன் வந்தான். கூட்டைக் கண்டதும் எட்ட நின்றபடியே பிரஷ்ஷை நீட்டி நீட்டி அடித்துவிட்டு ஓடிப்போனான். மறுநாள் காலை பெரியம்மா கூப்பிட்டார்: "ஒருத்தி பச்சைப் பொட்டு வெச்சிருக்கறா, வந்து பாரு."

பெயின்ட் தெறித்து ஒரு குளவியின் முதுகில், இறக்கைகளுக்கு நடுவே, கடுகளவு ஒட்டியிருந்தது. அதுவரை அது ஒரு கூட்டம். அன்றிலிருந்து பெரியம்மாவுக்கு அது பச்சைப் பொட்டுக்காரியும் மற்றவர்களும். காலையில் காபி கொடுக்கும்போதே செய்தி வந்துவிடும்: ராத்திரி எங்கே உட்கார்ந்திருந்தாள், யாரிடம் இரை வாங்கித் தின்றாள், எந்த அறைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நான் வேலை நேரத்தில் திருட்டுத்தனமாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாகப் போயிற்று. இந்தக் குளவியின் பெயர் ரோபலிடியா மார்ஜினேட்டா. தென்னிந்தியாவில் சர்வசாதாரணம். விலங்குகளில் சமூக வாழ்வு எப்படித் தோன்றியது என்ற கேள்விக்காக உலகில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட குளவிகளில் இதுவும் ஒன்று. அந்த ஆராய்ச்சி நடந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரத்திலிருக்கும் இந்திய அறிவியல் கழகம். ராகவேந்திர கதக்கர் என்பவர் நாற்பது வருடங்களாக மாணவர்களோடு சேர்ந்து இவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் பெயின்டர் தம்பி தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்தே செய்தார்கள்: ஒவ்வொரு குளவிக்கும் வெவ்வேறு நிறத்தில் பெயின்ட் பொட்டு.

பொட்டு வைத்தால்தான் ஆகும். ஏனென்றால் இந்த இனத்தில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. தேனீயில் ராணி நீளமாக, தனி ஜாதியாகத் தெரிவாள். இங்கே முட்டையிடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் ராணி. ஒவ்வொரு பெண் குளவியும் நாளின் எத்தனை பங்கை எதில் கழிக்கிறது என்று கணக்கெடுத்து, 1983-ல் கதக்கரும் அவரோடு பணியாற்றியவரும் மூன்று வகையாகப் பிரித்தார்கள்: உட்கார்ந்திருப்பவர்கள், சண்டை போடுபவர்கள், இரை தேடுபவர்கள். ராணி எந்த வகை? எல்லோரையும் போல நானும் சண்டைக்காரி என்றுதான் நினைத்தேன். உட்கார்ந்திருப்பவர்களில் ஒருத்தி. அதட்டல் இல்லை, கடி இல்லை. வயிற்றைக் கூட்டின் மேல் தேய்த்தபடி நடப்பாள். அவள் சுரக்கும் வேதிப்பொருளின் வாசனைதான் 'நான் இருக்கிறேன்' என்று மற்றவர்களுக்குச் சொல்கிறது. அப்படியானால் சண்டைக்காரிகள் எதற்கு? புழுக்களுக்குப் பசி எடுக்கும்போது அவர்களுடைய கொத்தலும் துரத்தலும் கூடுகிறது. கொத்து வாங்கியவர்கள் இரைக்குப் போகிறார்கள். அதாவது, கூட்டில் கத்துகிறவள் நாற்காலிக்காகக் கத்தவில்லை, சோற்றுக்காகக் கத்துகிறாள். இதைச் சொன்னதும் பெரியம்மா சிரித்தார். "நம்ம சரோசா மாதிரி." சரோசா எங்கள் இரண்டாவது பெரியம்மா. தெருமுனை வரை கேட்கும் குரல்.

ஆண்கள்? பிறந்து ஒரு வாரம் போல ஓசியில் தின்றுவிட்டுப் பறந்துவிடுவார்கள், திரும்புவதில்லை. கூட்டில் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவதில்லை. ஆனால் 2006-ல் ஒரு சோதனையில், பெண்களை அகற்றி, ஆண்களிடம் தாராளமாக இரையைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் புழுக்களுக்கு ஊட்டினார்கள். கொஞ்சம் தடுமாற்றத்தோடுதான், ஆனாலும் ஊட்டினார்கள். வாய்ப்புக் கிடைக்காததுதான் குறை போலிருக்கிறது. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

உறவுக் கணக்கு

குளவி என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது, புழுவைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் குளவியாக்கும் என்ற பழங்கதை. அது வேறு குளவி. சுவரில் மண்கூடு கட்டும் தனிக்கட்டை. மயக்கிய புழுவை அறைக்குள் வைத்து, கூடவே முட்டையிட்டு, வாயை அடைத்துவிட்டுப் போய்விடும். வெளியே வருவது அதன் சொந்தப் பிள்ளை. புழு அதற்குச் சோறு. பார்த்தவர்கள் புழுவே குளவியானதாக நினைத்தார்கள். அந்தத் தனிக்கட்டையிலிருந்துதான் நம் கதை தொடங்குகிறது. சமூகமாக வாழும் குளவிகளின் முன்னோர் தனியாக வாழ்ந்தவை. ஒருத்தியே கட்டி, முட்டையிட்டு, வளர்த்துக்கொண்டிருந்தவை. அப்படிப்பட்ட வம்சத்தில் ஒருத்தி ஏன் தன் முட்டையை இடாமல், இன்னொருத்தியின் பிள்ளைக்கு இரை தேடப் போனாள்?

1859-ல் டார்வினையே உலுக்கிய கேள்வி இது. பிள்ளை பெறாத வேலைக்கார எறும்பின் குணம் எந்தப் பிள்ளை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும்? தன் கோட்பாட்டுக்கே இது சாவுமணியோ என்று முதலில் தோன்றியதாக அவர் எழுதினார். குடும்பத்தையே ஒரு அலகாக வைத்து ஒருமாதிரி சமாதானமும் சொன்னார். கணக்காகப் போட்டுக் காட்டியவர் உயிரியலாளர் வில்லியம் ஹாமில்டன், 1964-ல். உதவியால் உறவினருக்குக் கிடைக்கும் லாபத்தை உறவின் நெருக்கத்தால் பெருக்கு; வருவது உனக்கு ஏற்படும் இழப்பைவிட அதிகமென்றால் அந்தக் குணம் தலைமுறைகளில் பரவும். அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகவோ ஆற்றில் குதிக்கத் தயார் என்று மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் வேடிக்கையாகச் சொன்னதாகச் சொல்வார்கள். இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்ற அவர், ஹாமில்டனின் கட்டுரை வெளிவந்த அதே 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார்.

குளவி, தேனீ, எறும்பு வகையறாவில் ஒரு விசேஷம் உண்டு. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும்; அவனிடம் ஒரே தொகுதி மரபணுதான், அதை அப்படியே எல்லா மகள்களுக்கும் கொடுப்பான். அதனால் ஒரே தகப்பனுக்குப் பிறந்த அக்கா தங்கைகளுக்குள் நெருக்கம் முக்கால் பங்கு. தாய்க்கும் மகளுக்கும் அரைதான். மகளைவிடத் தங்கையே நெருக்கம் என்றால், பெற்றுக்கொள்வதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம். புதிர் விடுபட்டதாகக் கொஞ்ச காலம் எல்லோரும் நம்பினார்கள். என் ஜன்னலில் தொங்கிய இனம் அதைக் கெடுத்தது. இதன் ராணி ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்கிறாள். உடனே அந்த முக்கால் சரிந்து அரைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. போதாததற்கு ராணிகள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே ஒரு வேலைக்காரி வளர்ப்பது தங்கையை மட்டும் இல்லை. அக்கா பிள்ளை, சித்தி பிள்ளை, சித்தி பிள்ளையின் பிள்ளை, அம்மாவின் சித்தி பிள்ளை என்று வளர்த்துக்கொண்டிருக்கிறாள். கறையானில் ஆணும் பெண்ணும் நம்மைப் போலவே இரட்டைத் தொகுதி மரபணுக்காரர்கள், முக்கால் கணக்கே கிடையாது. ஆனால் அவர்களுடைய சமூகத்தின் பிரமாண்டத்தைப் புற்றைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறவுக் கணக்கு வேண்டும், அது மட்டும் போதாது. (2010-ல் எறும்பு ஆராய்ச்சியாளர் எட்வர்ட் வில்சனும் வேறு இருவரும் சேர்ந்து உறவுக் கணக்கே வேண்டாம் என்று எழுத, மறுவருடம் 137 பேர் கையெழுத்திட்டு மறுத்தார்கள். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.)

இதைப் படித்த அன்று எனக்கு வேறொன்று உறைத்தது. ஹாமில்டன் கணக்கில் சித்தி மகளும் எனக்கு எட்டில் ஒரு பங்கு, மாமா மகனும் எட்டில் ஒரு பங்கு. ஆனால் தமிழில் சித்தி மகள் தங்கை, மாமா மகன் முறைமாப்பிள்ளை. ஒரே பின்னம், ஒரு பக்கம் உடன்பிறப்பு, மறு பக்கம் தாலி. ஹால்டேன் எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால் எட்டுப் பேர் என்றதும் "எந்தப் பக்கத்து எட்டு?" என்று கேட்டிருப்பார்கள். பெரியம்மாவுக்கும் எனக்கும் கால் பங்கு. தங்கை பிள்ளை. ஆனால் எங்கள் ஊரில் எனக்கு அவர் அம்மாதான், முன்னால் ஒரு 'பெரிய' சேர்ந்த அம்மா. குளவி வாசனையில் அறிவதை நாம் சொல்லில் அறிகிறோம். சொல்லை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். ஆகவே குளவியின் பின்னத்தை வைத்துப் பெரியம்மாவை அளக்க வருகிறவர்களை நான் நம்பமாட்டேன். அந்த எச்சரிக்கையோடுதான் அடுத்த பகுதியையும் எழுதுகிறேன்.

கதக்கரின் விடைகளில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவர் 1990-ல் எழுதியது. இந்தக் குளவியின் முட்டை, குளவியாகி வெளிவர ஏறத்தாழ 62 நாள் ஆகிறது. வேலைக்காரியின் சராசரி ஆயுள் 27 நாள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. தனியாகக் கூடு கட்டுகிறவள் நடுவில் செத்தால் அத்தனை புழுவும் பட்டினியில் போகும். அவள் பாடு முழுக்க வீண். கூட்டத்தோடு இருப்பவள் பத்து நாள் இரை கொண்டுவந்து பதினோராம் நாள் செத்தாலும், அவள் பாதி வளர்த்ததை இன்னொருத்தி மீதி வளர்த்துவிடுவாள். போட்ட உழைப்பு போன இடம் தெரியாமல் போகாது. இன்னொன்றும் உண்டு. கூட்டுப்புழுவிலிருந்து வந்த பெண்களைத் தனித்தனியே பெட்டியில் வைத்து, வேண்டிய உணவும் கூடு கட்டப் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள். எந்த ராணியின் கெடுபிடியும் இல்லை. அப்படியும் ஏறத்தாழப் பாதிப் பேர் முட்டையே இடாமல் செத்தார்கள். புழுவாக இருந்தபோது எவ்வளவு தீனி கிடைத்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பு இருந்தது. பெண் பிள்ளைகளின் தட்டில் என்ன விழுந்தது என்று தெரிந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வரியைக் கடக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஜன்னல் திண்டைத் துடைக்கும்போது ஒரு குளவி செத்துக் கிடந்தது. எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. துணியாலேயே தள்ளிவிட்டேன். அரை மணி நேரம் கழித்துப் பெரியம்மாவின் குரல், கொஞ்சம் பதற்றமாகவே: "கண்ணு, இங்க வா. இந்தப் பச்சை இன்னைக்குப் பேயாட்டம் ஆடறா."

அதுவரை இரண்டு மாதமாக நாங்கள் பார்த்த பச்சைப் பொட்டுக்காரி ஒரு சாதுவான ஜந்து. வெளியே அதிகம் போகமாட்டாள், யாரையும் சீண்டமாட்டாள். எங்களுக்கே சில நாள் சலிப்பாக இருக்கும். பொட்டு வைப்பதென்றால் வேறு ஆளாகப் பார்த்து வைத்திருக்கலாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். அன்று அவள் கூட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடி ஓடி ஒவ்வொருத்தியாகக் கடித்தாள், துரத்தினாள், மேலேறி உட்கார்ந்து அமுக்கினாள். இரையோடு வந்திறங்கியவளையும் விடவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், ஒருத்திகூடத் திருப்பிக் கடிக்கவில்லை. நாங்கள் 'ரௌடி' என்று பெயர் வைத்திருந்த ஒருத்தி உண்டு, எப்போதும் யாரையாவது கொத்திக்கொண்டே இருப்பாள். அவளே தலையைத் தாழ்த்திக்கொண்டு அசையாமல் கிடந்தாள். பெரியம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மதியச் சாப்பாட்டை நாற்காலியிலேயே வாங்கிக்கொண்டார். அடுத்தடுத்த நாள்களில் ஆவேசம் படிப்படியாகக் குறைந்தது. எட்டாம் நாள் பச்சைப் பொட்டுக்காரி ஒரு காலி அறைக்குள் வயிற்றைச் செருகி வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவள் நகர்ந்தபின் பார்த்தால் அறையின் உட்சுவரில் ஒரு வெள்ளைப் புள்ளி. முட்டை.

நான் துணியால் தள்ளிவிட்டது ராணியைத்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் படித்ததோடு அப்படியே பொருந்துகிறது. இந்த இனத்தில் ராணியை அகற்றினால் அரை மணி நேரத்துக்குள் ஒரே ஒருத்தி இப்படி ஆவேசம் கொள்கிறாள். ராணியைத் திருப்பி விட்டால் அடங்கி வேலைக்காரியாகிறாள். விடாவிட்டால் ஒரு வாரம் போல ஆனபின் முட்டையிடுகிறாள். அந்த ஒருத்தி யாராக இருப்பாள் என்பதைத்தான் ஆய்வாளர்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. பெரிய உடம்புக்காரியா என்று பார்த்தார்கள், சண்டைக்காரியா என்று பார்த்தார்கள், சினைப்பை வளர்ந்தவளா என்று பார்த்தார்கள். எதுவும் பிடிபடவில்லை. நமக்குத் தெரியவில்லை, சரி, குளவிகளுக்குத் தெரியுமா? 2008-ல் அனிந்திதா பத்ராவும் கதக்கரும் இதைக் கேட்ட விதம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. (பத்ரா இப்போது கொல்கத்தாவில் தெருநாய்களின் சமூக வாழ்வை ஆராய்கிறார், அதைப் பற்றி இன்னொரு நாள்.)

பாகப்பிரிவினையில் நடுவீட்டில் சுவர் எழுப்புவது போல, கூட்டை இரண்டாக வெட்டி நடுவே கம்பி வலை வைத்தார்கள். பாதி ஜனம் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். ராணி ஒரு பக்கத்தில். ராணி இல்லாத பக்கத்தில் எதிர்பார்த்தபடி ஒருத்தி ஆவேசத்தோடு எழுந்தாள். இப்போது ராணியையும் அவளையும் பக்கம் மாற்றிவிட்டார்கள். எழுந்தவள்தான் உண்மையான வாரிசு என்றால் மறு பக்கத்து ஜனமும் அவளை ஏற்கும். சில கூடுகளில் அப்படியே ஏற்றது. மற்ற கூடுகளில் மறு பக்கத்தில் இன்னொருத்தி எழுந்தாள். முதலில் எழுந்தவள் ஒரு கடிகூட இல்லாமல் அடங்கிச் சாதாரண வேலைக்காரியானாள். இரண்டாவது எழுந்தவளை எந்தப் பக்கம் விட்டாலும் ஏற்றார்கள். மூன்றாவதாக ஒருத்தி எழவே இல்லை. வாரிசு யார் என்பது கூட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவளைவிட முறை பின்னால் உள்ளவளுக்கும். அலோக் பாங்கும் கதக்கரும் 2012-ல் இன்னும் நீட்டித்தார்கள். ராணியை எடுத்தார்கள், அடுத்தவள் வந்தாள். அவளையும் எடுத்தார்கள், அடுத்தவள். இப்படி ஐந்து பேர் வரை, ஒருவர் பின் ஒருவராக, சண்டை இல்லாமல். கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசை அங்கே நின்றுகொண்டிருந்தது. பொதுவாக மூத்தவர்கள் வரிசையில் முன்னால்.

இதை வாசித்து முடித்தபோது அம்மா எப்போதோ சொன்ன ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. அம்மாயியின் காரியம் முடிந்த மறுநாள் காலை பால்காரர் வந்தார். திண்ணையில் அப்புச்சி இருந்தார். வாசலில் நின்று யாருக்கோ சத்தம் போட்டுக்கொண்டிருந்த சரோசா பெரியம்மாவும் இருந்தார். வீட்டை இனி அவர்தான் ஆளப்போகிறார் என்று ஊரே நினைத்திருந்ததாம். பால்காரர் இருவரையும் தாண்டி, உள்ளே விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தவரைப் பார்த்துக் கேட்டார்: "நாளைக்கு எத்தனை படி ஊத்தட்டும் பாப்பா?" யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாருக்கும் அது வினோதமாகத் தெரியவில்லை.

அன்று ராத்திரி, சொட்டு மருந்து விட்டபின் ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் கேட்டுவிட்டேன். உயிரியலில் இதற்குத் தியாகம் என்கிற மாதிரி ஒரு சொல் இருக்கிறது பெரியம்மா, தன் பிள்ளையை விட்டுக்கொடுத்து அடுத்தவள் பிள்ளையை வளர்ப்பதற்கு. மாமா மேடையில் சொன்னாரே, அது மாதிரி. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "நா எங்க கண்ணு விட்டுக் குடுத்தேன்? காத்துட்டில்ல இருந்தேன்." பிறகு தானாகவே தொடர்ந்தார். "சின்னவன் பள்ளிக்கூடம் போகட்டும்னேன். அப்பறம் சரோசா கல்யாணம் முடியட்டும்னேன், உங்கம்மா கல்யாணம் முடியட்டும்னேன். ஒவ்வொரு ஆடியிலயும் வர்ற தையில பாத்துக்கலாம்னு இருப்பேன். எல்லாம் முடிஞ்ச தையில எனக்கு முப்பத்தெட்டு." வருத்தமா என்றேன். "வருத்தமும் இருந்துச்சு, மிசினும் இருந்துச்சு. நாலு பேரு எம் பேச்சைக் கேட்டாங்க. கொத்துச் சாவி எங்கிட்ட. அது எனக்குப் புடிச்சும் இருந்துச்சு, பொய் எதுக்குச் சொல்லோணும்?"

பல வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது: இவர் ஏன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்? விட்டுக்கொடுத்தார் என்று நமக்கு யார் சொன்னது என்று நான் கேட்கவே இல்லை. குளவிக்காரர்களும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். தேனீயின் வேலைக்காரி ஆண்சேர்க்கை இல்லாதவள், ராணியாவது என்பது அவளுக்குக் கிடையாது. இந்தக் குளவியில் எந்தப் பெண்ணும் வெளியேறித் தனிக்கூடு கட்டலாம், நாலைந்து பேரோடு பங்குக்கூடு கட்டலாம், இருந்த இடத்திலேயே இருந்து தன் முறைக்குக் காக்கலாம். இருப்பவள் கதவைச் சாத்திவிட்டு இருக்கவில்லை. எங்கள் ஊர் ஏலச்சீட்டு மாதிரி: மாதாமாதம் கட்டிக்கொண்டே வர வேண்டும், ஒரு மாதம் மொத்தமும் உன் கைக்கு வரும். வருவதற்கு முன்பே நீ போய்ச் சேர்ந்தாலும் கட்டிய பணம் உறவுக்காரர்களிடம்தான் இருக்கும். பெரும்பாலோர் முறை வருமுன் சாகிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்காக அவர்கள் சீட்டில் சேர்ந்ததே தானம் செய்யத்தான் என்று சொன்னால் எப்படி?

பெரியம்மா குளவி இல்லை. அவரைக் காக்க வைத்ததில் அப்புச்சியின் மில் சம்பளத்துக்கும், இரண்டு தங்கைகளுக்குப் போட வேண்டியிருந்த பவுனுக்கும் பங்கு உண்டு. 'மூத்தவ இருக்கறப்ப என்ன கவலை' என்று சொன்ன அத்தனை வாய்களுக்கும் பங்கு உண்டு. ஹாமில்டன் சூத்திரத்தில் இதற்கெல்லாம் எழுத்து இல்லை. எனக்கு வேண்டியிருந்தது சூத்திரமும் இல்லை. ஒரு மூத்த பெண் வீட்டில் தங்கிவிட்டதைக் கும்பிடாமலும் பரிதாபப்படாமலும் சொல்ல ஒரு சாதாரண வினைச்சொல் வேண்டியிருந்தது. அதை அவரே வைத்திருந்தார்.

கதண்டு

ஊருக்குக் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அது வந்தது. எங்கள் குளவியைப் போல மூன்று மடங்கு பருமன், கறுப்பு, வயிற்றைச் சுற்றி அகலமான மஞ்சள் பட்டை. கதண்டில் ஒரு வகை. இந்தக் குளவிகளின் ஜென்ம எதிரி. நேராகக் கூட்டின் மேல் இறங்கி, அறை அறையாகத் தலையை விட்டுப் புழுக்களை உருவி எடுத்தது. நம்மை ஓட ஓடக் கொட்டும் ஜாதிதானே, முப்பது பேர் இருக்கிறார்களே, பாய்வார்கள் என்று பார்த்தேன். பாயவில்லை. அத்தனை பேரும் கூட்டை விட்டு விலகிப் பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதண்டு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று, வந்தது. வெள்ளை மூடிகளைக் கிழித்துக் கூட்டுப்புழுக்களையும் எடுத்தது. நான் செருப்பை எடுக்கப் போனேன். "விடு, கொட்டிப் போடும்" என்று பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் கூடு வெறும் காகிதமாகத் தொங்கியது. இரண்டு மாத உழைப்பு. பச்சைப் பொட்டுக்காரி இட்ட முதல் முட்டை இருந்த அறை எது என்று பெரியம்மா விரல் நீட்டிக் காட்டினார்.

ஓனரம்மாவுக்குத் திருப்தி. பெரியம்மாவை ரயிலேற்றிவிட்டு வந்தேன். போகும்போது, "அந்தக் கம்பியைத் தொடைச்சுப் போடாத, மறுபடி அங்கியேதான் வருவாங்க" என்று மட்டும் சொன்னார். பத்து நாள் கழித்துப் பின்பக்கம், துணி காயப்போடும் கொடிக்கு மேல், ஒரு காம்பும் சில அறைகளும் கண்ணில் பட்டன. நான்கு பேர் இருந்தார்கள். நன்றாகப் பார்த்தேன், பச்சைப் பொட்டு யாரிடமும் இல்லை. அவர்கள் பழைய கூட்டுக்காரர்கள்தானா என்பதையும் சொல்வதற்கில்லை. ராத்திரி போனில் சொன்னேன். பச்சை இல்லை என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை அறை கட்டியிருக்கறாங்க?"

"ஏழு, பெரியம்மா."

"செரி. அடுத்த வாரம் எண்ணிச் சொல்லு."